படகில் இரண்டாவது ஆள்

குப்பம்
21.7.2024

அண்ணனுக்கு முனியம்மா எழுதுவது. நானும் உன் மாப்பிள்ளையும் சுகம். உன் காது எப்படி இருக்கிறது? மெஷின் வைத்தும் போனில் பேசுவது கேட்கவில்லை என்று அண்ணி சொன்னாள். அதனால்தான் எட்டாவது படித்த கையால் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பிவிடாதே.

நம் பிள்ளை ராகுல் காட்டுப்பள்ளியில் வெல்டிங் வேலைக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிவிட்டான். இப்போது படகில் உன் மாப்பிள்ளை ஒருவர்தான். பாடு முறை உனக்குத் தெரியாததா? ஏரியில் நல்ல மீன் படும் இடம் வீட்டுக்கு ஒரு நாள் என்று சுற்றி வரும். அன்று அந்த வீட்டு ஆண்கள் இரண்டு பேர் படகில் போக வேண்டும். வெளியாளை ஏற்றக்கூடாது. பெண் ஏறவே கூடாது. நாங்கள் இரண்டு பாடு விட்டுவிட்டோம். மூன்றாவதும் விட்டால் பட்டியலில் இருந்து வீட்டின் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் கரையோரம் நண்டு பொறுக்க வேண்டியதுதான்.

இந்த நிலையில் அவர் என்ன செய்கிறார் தெரியுமா? படகு ரிப்பேர் செய்யும் கொட்டகையில் ரோபோ செய்கிறார். மரத்தில், ஆள் உயரத்துக்கு! போன மாதம் ராகுல் அவரைச் சென்னையில் ஓர் ஓட்டலுக்கு அழைத்துப் போனான். அங்கே ஒரு ரோபோ தட்டில் சாப்பாடு கொண்டுவந்து வைத்ததாம். அதன் பக்கத்தில் ராகுல் நின்று எடுத்த போட்டோவைச் சுவரில் ஒட்டி, சிமெண்ட் பையைக் கிழித்து அதில் படம் போட்டு அளவெடுக்கிறார். கல்யாண முருங்கை மரம் இரண்டு துண்டு வந்து இறங்கியிருக்கிறது. என்னவென்று கேட்டால், "வேலைக்கு ஆவும்டீ, சும்மா கட" என்கிறார். கொட்டகைக்குப் பூட்டு வேறு. எனக்கு ஒன்றும் சரியாகப் படவில்லை. நீ படித்தவன், சொல்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.
முனியம்மா


ஆரம்பாக்கம்
29.7.2024

அன்புள்ள முனியம்மா,

உன் கடிதத்தில் மூன்று பிழைகள். திருத்தவில்லை. அண்ணிக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. என் காது அப்படியே இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். போட்டோவில் ராகுலைப் பக்கத்தில் நிறுத்தி, ராகுலின் உயரத்தைக் கொண்டு ரோபோவின் உயரத்தைக் கண்டுபிடிக்கிறார் பார். பத்தாம் வகுப்பில் இந்த விகிதக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஒரு வாரம் பிடிக்கும். ஆகவே அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பயப்படாதே.

ஆனால் எதற்கு என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. நனைந்த போர்வையைப் பிழிவதை நினைத்துப் பார். ஒரு முனையை நீ முறுக்கும்போது மறுமுனையை இன்னொருவர் எதிர்ப்பக்கம் முறுக்க வேண்டும். மறுமுனையைக் கதவுக் கொண்டியில் கட்டிவிட்டால் பாதித் தண்ணீர் போர்வையிலேயே நின்றுவிடும். வலை இழுப்பதும் அப்படித்தான். மரப்பொம்மை கதவுக் கொண்டிதான், ஆள் ஆகாது. இது அவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் செய்கிறார் என்றால் சொல்லாத காரணம் ஏதோ இருக்கிறது. பூட்டுப் போடுகிறார் என்கிறாய். அதைக் கவனி. கோபப்படாமல் கேள்.

உன் நலமே நாடும் அண்ணன்,
ஆதிகேசவன்


குப்பம்
24.8.2024

அண்ணனுக்கு முனியம்மா. இங்கே காய்ச்சல் சீசன். எங்களுக்கு ஒன்றுமில்லை.

பூட்டைத் திறந்து காட்டிவிட்டார். பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வந்தது. உருண்டைத் தலை, இரண்டு வட்டக் கண், பீப்பாய் மாதிரி மார்பு. உள்ளே குடைந்து எடுத்திருக்கிறார். மார்பில் ஒரு கப்பி, அதில் வலைக்கயிற்றை மாட்டினால் ரோபோ பிடித்துக்கொள்ளுமாம். இதுதான் அந்தக் காரணம்.

ஊர்க்கூட்டத்தில் எழுந்து, "இந்தத் தடவை நானும் ரோபோவும் போறோம்"னு சொன்னாரே பார்க்கலாம். உன் மாப்பிள்ளை சம்பந்தம் என்றால் இத்தனை வருஷம் மரியாதையாகப் பார்த்த ஊர், விழுந்து விழுந்து சிரித்தது. "அதுக்கு ஆதார் கார்டு கீதா சம்பந்தம்?" என்று ஒருத்தன். "பொண்ணு பாத்துட்டியா?" என்று இன்னொருத்தன். ஊர்த் தலைவர் தங்கவேல் நாட்டார்தான் எல்லோரையும் அடக்கினார். "மெஷின் வெக்கக்கூடாதுனு எந்தப் பெரியவரும் சொல்லிட்டுப் போவல. படகுக்கு என்ஜின் மாட்டசொல்லோவும் இப்படித்தான் கத்துனீங்க. போய்யா, உன் ரோபோவ இட்னு போ. ஆனா ஆளு எவனாச்சும் ஏறுனான்னு தெரிஞ்சுது, அன்னிக்கே பேரு காலி."

போன வாரம் ஒத்திகை பார்த்தோம். வலையின் இழுப்பு தாங்காமல் ரோபோ தலைகீழாகத் தண்ணீரில் விழுந்து, அப்புறம் மல்லாந்து மிதந்தது. கரையில் மீன் ஏலம் எடுக்கும் பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். நாட்டார் பெண்சாதி செவ்வந்தி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அன்று உன் மாப்பிள்ளை சாப்பிடவில்லை. பாடு நாளுக்கு இன்னும் பதினைந்து நாள்.

ஆரம்பாக்கம் ஹார்டுவேர் கடையில் இவை கிடைத்தால் வாங்கி அனுப்பு: பித்தளைக் கீல் நான்கு, சில்வர் பெயிண்ட் ஒரு டப்பா, ஒரு இன்ச் ஸ்பான்ஜ் இரண்டு அடி, ரப்பர் கையுறை ஒரு ஜோடி, சின்ன அளவு.

முனியம்மா


ஆரம்பாக்கம்
30.8.2024

அன்புள்ள முனியம்மா,

கேட்டவற்றை வாங்கிப் பழவேற்காடு பஸ் டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன். பெயிண்ட் டப்பா மூடியைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறேன்.

கீல் எதற்கு என்று புரிகிறது. பெயிண்ட் புரிகிறது. ஸ்பான்ஜ் எதற்கு? மரத்துக்கு வலிக்காது. கையுறை சின்ன அளவு எதற்கு? மாப்பிள்ளையின் கை முறம் மாதிரி இருக்கும். கோபமில்லாமல்தான் கேட்கிறேன்.

பதில் எதிர்பார்க்கும்,
ஆதிகேசவன்


குப்பம்
21.10.2024

அண்ணனுக்கு முனியம்மா. அண்ணியும் நீயும் சுகமா? இரண்டு மாதமாக எழுதாததற்குக் கோபிக்காதே. கை ஒழியவில்லை.

இரண்டு பாடு போய் வந்தாயிற்று. பெயர் பட்டியலில் நிற்கிறது. ரோபோ நன்றாக வேலை செய்கிறது. மீன்பாடி வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு போய்ப் படகில் வைப்பார். முதல் தடவை ஐந்து கூடை இறால், நேற்று ஏழு. ஊரில் யாரும் இப்போது சிரிப்பதில்லை. சிலர் முறைக்கிறார்கள்.

விடிகிற நேரத்தில் ஏரித் தண்ணீர் இரண்டு நிறமாக இருக்கிறது, அண்ணா. முகத்துவாரத்துப் பக்கம் கறுப்பு, நம் பக்கம் கஞ்சித் தண்ணீர் மாதிரி. ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு இடது பக்கத்தில் கலங்கரை விளக்கம் ஒரு தீக்குச்சி போல நிற்கும். அவ்வளவு அழகு.

எழுத்து கோணலாக இருக்கும். விரலில் நண்டு கடித்துவிட்டது.

முனியம்மா


ஆரம்பாக்கம்
28.10.2024

அன்புள்ள முனியம்மா,

விரலுக்கு மஞ்சள் வை. சீழ் பிடித்தால் பழவேற்காடு ஆஸ்பத்திரிக்குப் போ.

ஏழு கூடை என்று படித்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சியில் ஒரு மாணவன் தானே சுற்றும் நீர்ச்சக்கரம் வைத்தான். மோட்டார் இல்லை, கம்பி இல்லை. பார்க்க வந்த அதிகாரி கைகுலுக்கினார். எனக்கு மட்டும் ஒரு குறை. சக்கரம் அவ்வப்போது கொஞ்சம் களைத்து, பிறகு வேகமெடுத்தது. மெஷின் களைக்காது. மேஜைத் துணியைத் தூக்கினேன். உள்ளே அவனுடைய சித்தப்பா மகன் வியர்த்துப் போய்க் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

ஒற்றை ஆளும் ஒரு கதவுக் கொண்டியும் ஏழு கூடை கொண்டுவர முடியாது. ஸ்பான்ஜ் உடம்புக்குத்தான். கையுறை கைக்குத்தான். அந்தப் பொம்மைக்குள் ஓர் ஆள் போகிறான். மாப்பிள்ளையோடு படகு ரிப்பேர் செய்த வின்சென்ட் குள்ளமானவன், கையும் சின்னது. அவன்தானா? அவன் வேறு குப்பத்து ஆள். பிடிபட்டால் பெயர் போவது மட்டுமில்லை, ஊர் உங்களோடு பேசாது. கரையில் உன்னிடம் யார் மீன் வாங்குவார்கள்?

இது உனக்குத் தெரிந்து நடக்கிறதா, உனக்கும் மறைத்து நடக்கிறதா? எனக்கு இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. உன்னை ஏமாற்றுகிற மனிதரை நான் சும்மா விடமாட்டேன்.

கவலையோடு,
ஆதிகேசவன்


குப்பம்
16.11.2024

அண்ணனுக்கு. சுகம்.

நீ கேள்வித்தாள் மாதிரி எழுதுகிறாய். தெரிந்ததற்கு மட்டும் விடை எழுதுகிறேன். வின்சென்ட் ஜூலையிலேயே நெல்லூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். யாரும் என்னை ஏமாற்றவில்லை.

மழையில் முகத்துவாரம் நன்றாகத் திறந்துவிட்டது. இறால் வரத்து அதிகம். எனக்குத் தோள்பட்டை வலி. அண்ணி போடும் தைலம் இருந்தால் அனுப்பு. இப்போதைக்கு இங்கே வர வேண்டாம். பாதை முழுக்கச் சேறு.

முனியம்மா


குப்பம்
15.12.2024

அண்ணனுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தைலம் வந்தது, அதோடு ஒரு வரிகூட இல்லை. ஏன் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

நேற்று ஊர்க்கூட்டத்தில் தங்கவேல் நாட்டார் சொன்னார்: "அந்தப் பொம்மைய தொறந்து பாக்கணும். நான் சொல்லல, இவுரு மச்சான் வாத்தியாரே சொல்றாரு. அவரையே கூப்டறேன். ஜனவரி அஞ்சாம் தேதி சம்பந்தம் பாடு. படகுல ஏத்தறதுக்கு முன்னாடி வாத்தியார் கையாலயே தொறக்கட்டும். படிச்ச மனுசன், பொய் சொல்லமாட்டாரு."

உன் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்துக் கேட்டார். "உங்கண்ணனுக்கு நான் இன்னா பண்ணேன்?" அவ்வளவுதான். அப்புறம் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

நாட்டாரிடம் சொன்னாயா, இல்லையா? இதற்கு நீ உதாரணம் எல்லாம் சொல்ல வேண்டாம்.

முனியம்மா


ஆரம்பாக்கம்
18.12.2024

முனியம்மா,

சொன்னேன்.

நவம்பர் கடைசியில் நாட்டார் இங்கே ஒரு கல்யாணத்துக்கு வந்தார். பந்தியில் என் பக்கத்து இலை. "உங்க மாப்ள ரோபோ ஏழு கூட வாருது சார்" என்று என் காதோடு கத்தினார். அதில் பொறாமை இருந்தது. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். "ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை உன்னை ஏமாற்றுகிறார் என்ற நினைப்பு எனக்கு அவ்வளவு உறுதியாக இருந்தது. சொன்ன பிறகு உனக்கு எழுதக் கை வரவில்லை. எழுதினால் இதைச் சொல்ல வேண்டும்.

உன் கடிதம் வந்தபிறகு உன் பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துத் தேதி வரிசையில் மேஜைமேல் வைத்தேன். நண்டு கடித்த விரல். தோள்பட்டை வலி. அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை. அக்டோபர் கடிதத்தில் ஒரு வரியில்தான் நின்றுவிட்டேன். தண்ணீர்த் தொட்டிக்கு இடது பக்கத்தில் கலங்கரை விளக்கம் என்று எழுதியிருக்கிறாய். நம் கரையில் எங்கே நின்று பார்த்தாலும் அது தொட்டிக்கு வலது பக்கம்தான். ஏரி நடுவே போய்த் திரும்பிப் பார்த்தால் மட்டும்தான் இடது பக்கம் வரும்.

உள்ளே இருப்பது நீ.

நான் நாட்டாரைத் தூக்கச் சொன்ன மேஜைத் துணிக்கு அடியில் இருப்பது என் தங்கை. ஐந்தாம் தேதி வராமல் இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். வந்தால் கேட்பார்கள். ஐம்பத்தெட்டு வயது வரை பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். என்ன செய்யட்டும்? நீ சொல்வதைச் செய்கிறேன்.

ஆதிகேசவன்


குப்பம்
27.12.2024

அண்ணா,

உனக்குத் தெரிந்துவிட்டதே என்று பயமாகவும் இருக்கிறது, பாரம் இறங்கினாற் போலவும் இருக்கிறது.

ஒத்திகையில் ரோபோ விழுந்த அன்று அவர் சாப்பிடாமல் படுத்திருந்தார். நான் கொட்டகைக்குப் போய் அந்த மார்பைத் தூக்கி விளையாட்டுக்கு மாட்டிப் பார்த்தேன். எனக்கென்றே செய்தது போல இருந்தது. அவரை எழுப்பிக் காட்டினேன். "வோணாம்டீ, தெரிஞ்சா நாறிடும்" என்றார். வேறு வழி இருந்தால் சொல் என்றேன். இல்லை. மறுநாள் கழுத்தை அகலமாக்கினார், நீ அனுப்பியது வந்ததும் பக்கவாட்டில் கீல் வைத்து, உட்பக்கம் ஸ்பான்ஜ் ஒட்டினார். கரை மறைந்ததும் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வேன். கவிழ்ந்தால் என்று நீ கேட்பாய். கல்யாண முருங்கை முழுகாது.

முப்பது வருஷமாக அவர் பிடித்த மீனைத் தலையில் சுமந்து விற்றேன். அது வரும் இடத்தை இப்போதுதான் பார்க்கிறேன். வலை கனக்கும்போது எந்தக் கால் ஊன்ற வேண்டும் என்று எனக்கே தெரிகிறது. என்னை விட்டால் இந்த வீட்டில் இரண்டாவது ஆள் கிடையாது.

நீ வா. எனக்காகப் பொய் சொல்லாதே. அவரைக் காட்டியும் கொடுக்காதே. அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முனியம்மா


ஆரம்பாக்கம்
7.1.2025

அன்புள்ள முனியம்மா,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். அண்ணி சுகம். உன் தோளுக்கு இன்னொரு பாட்டில் தைலம் அனுப்புகிறேன்.

நீ மரத்தலைக்குள் இருந்ததால் பலதும் பார்த்திருக்க மாட்டாய். நான் பார்த்ததை எழுதுகிறேன். மீன்பாடி வண்டியில் உன்னைச் சாய்த்து வைத்திருந்தார் மாப்பிள்ளை. என் முகத்தை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. வண்டியின் கைப்பிடியை விடவும் இல்லை. சுற்றிலும் நூறு பேர் இருப்பார்கள். நாட்டார் என்னை முன்னால் தள்ளினார். நான் குனிந்து கண் துளையில் பார்த்தேன். உன் கண் இமைக்காமல் என்னைப் பார்த்தது.

நிமிர்ந்து நான் சொன்னது உனக்குக் கேட்டிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், என் வாயால் சொல்லமாட்டேன், என் கையால் திறக்கவும் மாட்டேன், திறப்பதானால் நாட்டாரே திறக்கட்டும் என்றேன். அதைவிட நல்ல வார்த்தை எனக்கு வரவில்லை. சொன்ன உடனே தப்புச் செய்துவிட்டேனோ என்று தோன்றியது. தெரியும் என்றேனே, இல்லை என்று சொல்லவில்லையே.

நாட்டார் வந்து கீலில் கை வைத்தார். கொக்கியை நெம்பியும் விட்டார். அப்போது அவர் மனைவி செவ்வந்தி தலைக் கூடையோடு கூட்டத்தைப் பிளந்து வந்து, அவர் காதருகே ஏதோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். அவர் முகம் சுண்டிப்போயிற்று. கொக்கியை அவரே திரும்ப மாட்டினார். பிறகு கூட்டத்தைப் பார்த்து ஏதோ கத்தினார், எல்லோரும் கலைந்தார்கள். நீங்கள் ஏரியில் போகும்வரை நின்று பார்த்தேன். என் காதில் ஒரு சொல்லும் விழவில்லை.

அவள் என்ன சொன்னாள்? பெயர் நிற்கிறதா? எழுது. தூக்கம் வரவில்லை.

ஆதிகேசவன்


குப்பம்
13.1.2025

அண்ணனுக்கு முனியம்மா எழுதுவது. நாளைக்குப் பொங்கல். அண்ணியோடு நீ நன்றாக இருக்க வேண்டும்.

பெயர் நிற்கிறது. எட்டுக் கூடை.

நீ பார்த்தாய், கேட்கவில்லை. எனக்கு எதிரில் உன் கண்ணையும், நீ நிமிர்ந்தபின் உன் சட்டைப் பொத்தானையும் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்த மரத்துக்குள் எல்லாம் குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கும். செவ்வந்தி அக்கா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இன்னாய்யா பண்ற? உள்ள யாருனு எங்களுக்கு மொத நாளே தெரியும். படகுல ஏறசொல்லோ இடது கால முன்னாடி வெக்கிறவ இந்தக் கரையில யாருனு ஏலம் எடுக்கிற எங்களுக்குத் தெரியாதா? நம்ம புள்ளையுந்தான் காட்டுப்பள்ளிக்குப் பூட்டான். தை மாசம் நம்ம பாடு வருது. உங்கூட யாரு ஏறுவா, செத்துப்போன உங்கப்பனா? நாளைக்கு நான் சம்பந்தம் வூட்டுக்குப் போயி அளவு குடுக்கப்போறேன். இத்த தொறந்துட்டினா அத்தையும் தொறக்கணும். கைய எடு."

அதற்கப்புறம்தான் நாட்டார் கூட்டத்தைப் பார்த்து, "மெஷின் நல்லாத்தான் கீது! தண்ணி எறங்குது, வேலயப் பாருங்கப்பா!" என்று கத்தினார். இருந்தாலும் என்னை வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். யார் எப்போது என்ன சொல்வார்கள் என்று எனக்கு இன்னும் திக்கென்றுதான் இருக்கிறது.

செவ்வந்தி அக்கா சொன்னபடி மறுநாளே வந்துவிட்டாள். நான்தான் கொட்டகைக்குள் வைத்து அளந்தேன். என்னைவிட ஒரு சாண் உயரம், தோளும் அகலம். இங்கே இருக்கும் மரம் போதாது.

உன் மாப்பிள்ளைக்கு உன்மேல் கோபம் போகவில்லை. உன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். பொங்கல் கழிந்ததும் மரம் தேடி ஆரம்பாக்கம் பக்கம் வருவார். உன் வீட்டுப் படி ஏறுவாரா தெரியாது. ஏறினால் ஒரு கேள்வியும் கேட்காதே, அண்ணா. சோறு போடு.

முனியம்மா